உண்ணிக் காய்ச்சலின் கிருமியை மரபணு வழியே இனங்காணல்: யாழ்ப்பாணத்து ஆய்வுகூடம் எதைத் தெரிவு செய்யலாம்?

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்து மருத்துவ வாட்டுகள் காய்ச்சல்காரரால் நிறையும். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. முதல் நாலைந்து நாட்களில் இவற்றைப் பிரித்துச் சொல்வது அனுபவம் மிகுந்த வைத்தியருக்கே கடினம். 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சல், முதலில் இன்னதென்று தெரியாத காய்ச்சலாகத்தான் பேசப்பட்டது. அது எலிக்காய்ச்சல் என்பது ஆய்வுகூடச் சோதனையில்தான் உறுதியானது.

ஆய்வுகூடப் பக்கம் ஒரு நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. 2020இல் கோவிட் வந்தபோது யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் பிசிஆர் சோதனை, அதாவது டிஎன்ஏயின் ஒரு துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்கிக் கண்டுபிடிப்பது, செய்யத் தொடங்கினார்கள். இயந்திரம் வந்தது, அதைவிட முக்கியமாக, கை பழகியது. அதே வசதியை வைத்து உண்ணிக் காய்ச்சலின் கிருமிகளை மரபணு வழியே இனங்காணலாமா என்று கேட்கும் மாணவர்களும் இளம் வைத்தியர்களும் இருக்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் எந்த மாதிரியை எடுப்பது, எந்த மரபணுவைத் தேடுவது, எந்த முறையில் வாசிப்பது என்ற மூன்று தெரிவுகளில் பிழைத்தால் காசும் காலமும் வீணாகிவிடும். அந்தத் தெரிவுகளை ஒப்பிட்டு, நான் எதை எடுப்பேன், ஏன் எடுப்பேன் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முன்னரே சொல்லிவிட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தவுடனே டொக்சிசைக்கிளின் தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு தடவை. எந்தச் சோதனையின் முடிவுக்காகவும் காத்திருக்கக் கூடாது. செஃப்ட்ரியாக்சோன் போல வாட்டில் வழக்கமாக ஏற்றும் மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. கீழே பேசப்போவது எல்லாம், மருந்து கொடுக்கும் முன் ஓரிரு நிமிடத்தில் எடுத்து வைத்த மாதிரியைப் பற்றியது.

இனம் தெரிந்து யாருக்கு என்ன பயன்

நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்று சொல்வதற்குள் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று ஸ்க்ரப் டைஃபஸ். பற்றைகளில் வாழும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கிருமி ஓரியென்சியா சுட்சுகமுஷி. மற்றது புள்ளிக் காய்ச்சல். நாய், ஆடு, மாடு, காட்டு விலங்குகளில் ஏறும் உண்ணி கடித்து வருவது. கிருமி ரிக்கெற்சியா பேரினத்தில் ஒன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த ஆய்வுகளில் ஸ்க்ரப் டைஃபஸே முன்னால் நிற்கிறது. கண்டிப் பக்கத்து மலைநாட்டில் புள்ளிக் காய்ச்சல் அதிகம். அங்கே சில நோயாளிகளின் தோலில் பன்ன இலை விரிந்தது போன்ற ஊதா நிறத் தழும்புகள் வருவதை மருத்துவர்கள் விவரித்திருக்கிறார்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிறபொருளெதிரிச் சோதனையை, அதாவது கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் அன்ரிபொடியைத் தேடும் சோதனையை, நம்பி எழுதப்பட்டவை. எனவே குழு தெரிகிறது, இனம் தெரிவதில்லை.

கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்கு இனம் அவ்வளவு முக்கியமில்லை. புள்ளிக் காய்ச்சல் தரும் இனங்களில் ஒன்றான ரிக்கெற்சியா கொனோரி என்றாலும் வேறொன்று என்றாலும் மருந்து ஒன்றுதான். அவருக்கு வேண்டியது வேகம்: இது ரிக்கெற்சியாவா, ஓரியென்சியாவா, இரண்டுமில்லையா என்று ஒரு நாளுக்குள் ஒரு பதில். அது கிடைத்தால் தேவையில்லாத அன்ரிபயோட்டிக்கை நிறுத்தலாம், டொக்சிசைக்கிளினை இடையில் கைவிடாமல் முடிக்கலாம்.

இனம் முக்கியமாவது மாவட்டத்துக்கு. கொனோரி என்றால் நாயுண்ணிதான் முதல் சந்தேகம். வீட்டு வளவுக்குள்ளேயே ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம், நாய்களுக்கு உண்ணி மருந்து போடுவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலைகளில் ஒன்றாக வேண்டும். ஆட்டிலும் பற்றையிலும் ஏறும் உண்ணி வழியாக வரும் இனம் என்றால் எச்சரிக்க வேண்டியவர்கள் ஆடு வளர்ப்போரும் தோட்டக்காரரும் விறகு பொறுக்கப் போவோரும். அறிவுரை இப்படி வேறுபடுவதால்தான் இனங்காணலுக்குச் செலவழிப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

பழைய சோதனைகளோடு ஒப்பிட்டால்

வெயில்-ஃபீலிக்ஸ் சோதனையை நீண்ட நேரம் பேச வேண்டாம். 1916இல் வந்தது, புரோட்டியஸ் என்ற வேறொரு பற்றீரியாவோடு நோயாளியின் சீரம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது. மலிவு, ஆனால் பல நோயாளிகளைத் தவறவிடும், நோயில்லாதவரையும் பிடித்துக் காட்டும்.

ஒளிரும் பிறபொருளெதிரிச் சோதனை, அதாவது ஐஎஃப்ஏ, இன்னும் மதிப்புள்ளது. கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் செய்கிறார்கள். காய்ச்சல் நாளில் ஒரு சீரம், இரண்டு முதல் நான்கு கிழமை கழித்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையே பிறபொருளெதிரி அளவு நான்கு மடங்கு ஏறினால் நோய் உறுதி. சிக்கல் அந்த இரண்டாவது சீரத்தில்தான். காய்ச்சல் விட்டவர் ஏன் திரும்பி வர வேண்டும்? நெடுந்தீவில் இருந்து வந்தவர் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து, ஊசி குத்திக்கொள்ள வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஒற்றைச் சீரத்தில் பிறபொருளெதிரி இருந்தால் அது போன வருடத்து நோயின் மிச்சமாகவும் இருக்கலாம். முதல் கிழமையில் பிறபொருளெதிரி இன்னும் உருவாகாமலே இருக்கலாம். அப்புறம், புள்ளிக் காய்ச்சல் குழுவுக்குள் ஒன்றுக்கு உருவான பிறபொருளெதிரி மற்றதோடும் ஒட்டும் என்பதால் இனம் சொல்ல அது உதவாது.

அப்படியானால் ஐஎஃப்ஏயை விட்டுவிடலாமா? கூடாது. பிசிஆரில் இல்லை என்று வந்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருந்தது என்பதை அதுதான் சொல்லும். இரண்டும் பக்கத்துணை.

வளர்ப்பு முறையை யாழ்ப்பாணத்தில் யோசிக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பற்றீரியா உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும். அகர்த் தட்டில் வளராது. கலவளர்ப்பும் மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்பு ஆய்வுகூடமும் தேவை. இந்தக் குழுவுக்குப் பெயர் தந்த ஹவார்ட் ரிக்கெற்ஸ், 1906இல் அமெரிக்காவின் மொன்டானாவில் உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று காட்டப் புறப்பட்டவர், 1910இல் மெக்சிகோவில் டைஃபஸை ஆராயும்போது அதே நோயால் இறந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

குருதியா, பொருக்கா, தோலா

எந்த மரபணு, எந்த இயந்திரம் என்று பேசுவதற்கு முன்னால் வர வேண்டிய கேள்வி இது. பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லோரும் எடுப்பது குருதி, ஏனென்றால் அதுதான் ஏற்கெனவே வாட்டில் எடுக்கப்படுகிறது. ஆனால் ரிக்கெற்சியா குருதியில் மிதந்து திரிவதை விட, குருதிக் குழாயின் உட்சுவர்க் கலங்களுக்குள் இருப்பதே அதிகம். குருதிக்குள் வருவது சிலதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலீற்றர் குருதியில் 100 பற்றீரியா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கிற் ஒன்றில் 200 மைக்ரோலீற்றர் குருதியில் இருந்து டிஎன்ஏ பிரித்து, 100 மைக்ரோலீற்றர் திரவத்தில் எடுக்கிறோம். அதில் 5 மைக்ரோலீற்றரை பிசிஆர் குழாயில் போடுகிறோம். ஆக, குழாய்க்குள் போனது 10 மைக்ரோலீற்றர் குருதிக்குச் சமமான டிஎன்ஏ. அதில் சராசரியாக ஒரே ஒரு பற்றீரியாவின் டிஎன்ஏ இருக்கும். சராசரி ஒன்று என்றால், மூன்றில் ஒரு தடவைக்கும் மேல் குழாய்க்குள் ஒன்றுமே இருக்காது. பிரித்தெடுப்பில் ஒரு துளிகூட வீணாகவில்லை என்று வைத்துப் போட்ட கணக்கு இது, உண்மையில் வீணாகும். எனவே குருதிப் பிசிஆரில் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று யாரும் எழுதக் கூடாது.

குருதியை விட்டால் வேறு வழி இல்லாதபோது செய்யக்கூடியவை உண்டு. குருதி உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ குழாயில் எடுங்கள். ஹெப்பரின் குழாய் பிசிஆரைத் தடுக்கும். சுழற்றி வெண்குருதிக் கலப் படையை மட்டும் எடுத்தால் தேவையற்ற செங்குருதிக் கலங்கள் கழியும். 50 மைக்ரோலீற்றரில் டிஎன்ஏயை எடுங்கள், மூன்று குழாய்களில் ஓடவிடுங்கள். டொக்சிசைக்கிளின் போன பிறகு எடுத்த குருதியில் வாய்ப்பு வேகமாகக் குறையும்.

பொருக்கின் கதை வேறு. உண்ணி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு வரும், எஸ்கார் என்பார்கள். அந்த இடத்தில் பற்றீரியா குவிந்து கிடக்கும். பொருக்கை மெதுவாகத் தூக்கி, சேலைனில் நனைத்த கிருமிநீக்கிய ஸ்வாப்பால் அடியை நன்றாக உரசி எடுத்தால் போதும். உதிர்ந்த பொருக்கையே ஒரு வெற்றுக் குழாயில் போட்டாலும் சரி. வலி குறைவு, வெட்டத் தேவையில்லை. மருந்து தொடங்கிச் சில நாள் கழித்தும் இதில் டிஎன்ஏ கிடைக்கும் வாய்ப்பு உண்டு. பொருக்கு இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம் என்பேன்.

பொருக்கைத் தேட வேண்டும் என்பதுதான் கடினம். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் சீலை கட்டும் இடம், காதுக்குப் பின்னால், தலைமயிருக்குள். நெரிசலான வாட்டில் ஒரு அம்மாவை முழுதாகப் பரிசோதிக்கத் திரை வேண்டும், பெண் தாதி வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். அந்த ஐந்து நிமிடம் எந்தப் புது இயந்திரத்தையும் விடப் பெறுமதியானது.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. ஸ்க்ரப் டைஃபஸில் பொருக்கு அடிக்கடி வரும். நம் பிராந்தியத்துப் புள்ளிக் காய்ச்சலிலோ, குறிப்பாக இந்தியாவில் காணப்படும் கொனோரியின் இண்டிகா என்ற உப இனத்தில், பொருக்கு அரிது. மத்தியதரைக் கடல் நாடுகளின் புத்தகத்தைப் படித்துவிட்டு இங்கே பொருக்குக்காகக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். அப்படிப்பட்டவர்களில் தோல் புள்ளியில் இருந்து வெட்டி எடுக்கும் சிறு துண்டு, அதாவது பயொப்சி, குருதியை விட நல்லது, ஏனென்றால் அந்தப் புள்ளி கிருமி தங்கியிருக்கும் குழாய்ச் சுவரில்தான் உருவாகிறது. அதை ஃபோர்மலினில் போட்டுவிடாதீர்கள், டிஎன்ஏ சிதைந்துவிடும். குளிரில், வெறும் சேலைனில், அன்றே ஆய்வுகூடம் சேர வேண்டும்.

எந்த மரபணு

16எஸ் என்ற மரபணுவில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பற்றீரியாவை இனங்காண்பது என்றால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது அதுதான். மற்றப் பற்றீரியாக்களில் அது நன்றாக வேலை செய்யும். ரிக்கெற்சியாவில் இரண்டு குறை. ஈ.கோலை என்ற குடல் பற்றீரியாவில் ஏழு பிரதி இருக்கும் இந்த மரபணு ரிக்கெற்சியாவில் ஒன்றே ஒன்று; ஆகவே கண்டுபிடிக்கும் திறனில் எந்த அனுகூலமும் இல்லை. இனங்களுக்கிடையே வித்தியாசமும் மிகக் குறைவு. இது ரிக்கெற்சியா என்று சொல்லும், எது என்று சொல்லாது. நான் விட்டுவிடுவேன்.

சிட்ரேட் சிந்தேஸ் நொதிக்கான ஜிஎல்டி-ஏ மரபணு பேரினம் முழுவதிலும் இருக்கிறது. புள்ளிக் காய்ச்சல் குழு, தெள்ளு வழி வரும் மியூரின் டைஃபஸ், பேன் வழி வரும் டைஃபஸ் எல்லாவற்றையும் பிடிக்கும். 1991இல் ரெக்னெரி குழுவினர் வெளியிட்ட பிரைமர்கள் (பெருக்க வேண்டிய துண்டின் இரு முனையையும் குறிக்கும் குறுந்துண்டுகள்) 381 எழுத்து நீளத் துண்டு ஒன்றைப் பெருக்குகின்றன; எழுத்து என்பது டிஎன்ஏயின் ஓர் அலகு. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. 17 கிலோடால்டன் எடையுள்ள புரதம் ஒன்றின் மரபணுவும் இதே வேலையைச் செய்யும். முதல் வடிகட்டலுக்கு இரண்டில் எதுவும் சரி. ரியல்-டைம் பிசிஆரில் பெருகுவதை இயந்திரம் அப்போதே காட்டும்; தேடும் துண்டு இருந்தால் ஒளிர்வது புரோப். ஏற்கெனவே பலர் சரிபார்த்த புரோப் எதற்குக் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

ஓம்ப்-ஏ என்பது வெளிச்சவ்வுப் புரதம் ஒன்றின் மரபணு. டைஃபஸ் குழுவில் இது இல்லை. புள்ளிக் காய்ச்சல் குழுவில் இனத்துக்கு இனம் நன்றாக மாறுபடும், ஆகவே இனம் சொல்ல இதுதான் முதல் தெரிவு. மேற்சொன்ன 1991 பிரைமர்களில் ஓம்ப்-ஏக்கான சோடி 532 எழுத்துத் துண்டைத் தரும். ஆனால் எல்லாப் புள்ளிக் காய்ச்சல் ரிக்கெற்சியாவும் இதில் பிடிபடாது, ரிக்கெற்சியா ஆஸ்ட்ராலிஸ், ரி. ஹெல்வெற்றிக்கா போன்ற இனங்களில் வழக்கமான பிரைமர் வேலை செய்வதில்லை. தெள்ளில் காணப்படும் ரி. ஃபெலிஸும் அந்த வகைச் சிக்கல்தான். ஜிஎல்டி-ஏ பிடித்து ஓம்ப்-ஏ பிடிக்காவிட்டால் பிழை என்று தூக்கிப்போடாமல், அடுத்ததாக ஓம்ப்-பி என்ற இன்னொரு வெளிச்சவ்வுப் புரத மரபணுவைப் பாருங்கள். அது டைஃபஸ் குழுவிலும் இருக்கிறது.

இனம் என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. 2003இல் பிரான்சின் மார்செய் நகரத்தில் ஃபூர்னியே குழுவினர் ஐந்து மரபணுக்களுக்கு எல்லை வகுத்தார்கள்: 16எஸ்ஸில் 99.8 வீதம், ஜிஎல்டி-ஏயில் 99.9, ஓம்ப்-ஏயில் 98.8, ஓம்ப்-பியில் 99.2, ஸ்கா-4 என்ற இன்னொரு மரபணுவில் 99.3. ஏற்கெனவே பெயரிடப்பட்ட மிக நெருங்கிய இனத்தோடு ஒப்பிடும்போது இந்த ஒற்றுமை எல்லைகளில் ஒன்றையும் எட்டாவிட்டால், அல்லது ஒன்றை மட்டுமே எட்டினால், அது புதிய இனமாகக் கருதப்படும்.

இந்த எண்களை அப்படியே எடுத்து ஒரு சிறு துண்டில் போட்டுப் பார்ப்பது நடக்கும் தவறுகளில் பெரியது. ஜிஎல்டி-ஏயின் 381 எழுத்தில் ஓர் எழுத்து மாறினாலே ஒற்றுமை 99.74 வீதமாகிவிடும், 99.9 என்ற எல்லைக்குக் கீழே. அந்த எல்லை ஏறத்தாழ முழு மரபணுவையும் வாசித்து வகுக்கப்பட்டது. வாசிப்பில் வந்த ஒரேயோர் எழுத்துப் பிழையை வைத்து யாழ்ப்பாணத்தில் புதிய ரிக்கெற்சியா என்று எழுதிவிட முடியும்! அதனால் சிறு ஜிஎல்டி-ஏ துண்டைப் பேரினம் சொல்ல மட்டும் பயன்படுத்துங்கள். ஓம்ப்-ஏயின் 532 எழுத்தில் 1.2 வீதம் என்பது ஆறு எழுத்தளவு. அங்கே ஓர் எழுத்துப் பிழை முடிவைக் கவிழ்க்காது. எதையும் இரண்டு திசையிலும் வாசியுங்கள். இனப் பெயர் சொல்ல ஓம்ப்-ஏயோடு ஓம்ப்-பியோ ஸ்கா-4ஓ ஒன்று சேர வேண்டும். கொனோரியின் உப இனம்வரை போக வேண்டுமென்றால் மரபணுக்களுக்கு இடையிலுள்ள வெளிகளையும் வாசிக்கும் பல்வெளி முறை இருக்கிறது. அது இரண்டாம் கட்டம்.

இவை எவையும் ஓரியென்சியாவைப் பிடிக்காது. அதை 1995இல் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் ரிக்கெற்சியா பிரைமரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு சோதனை தொடங்கினால், நம் ஊரின் முதன்மையான உண்ணிக் காய்ச்சல் எல்லாம் இல்லை என்ற முடிவோடு திரும்பிப் போகும். ஓரியென்சியாவின் 47 கிலோடால்டன் புரத மரபணுவுக்கு ஒரு புரோப்பையும் சேர்த்தே வாங்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் இல்லை.

ரியல்-டைம், நெஸ்டட், முழு மரபுத்தொகுதி

காசு குறைந்த இடங்களில் நெஸ்டட் பிசிஆரை விரும்புவார்கள். சாதாரண பிசிஆர் இயந்திரம் போதும், இரண்டு சுற்று ஓடுவதால் மிகச் சிறிய அளவையும் பிடிக்கும். எனக்கு அதில் பயம் அதிகம். முதல் சுற்றுக் குழாயைத் திறக்கும்போது கோடிக்கணக்கான பிரதிகள் காற்றில் ஏறும். ஒரே அறையில் எல்லாம் செய்யும் ஆய்வுகூடத்தில் அடுத்த கிழமை எல்லோருக்கும் நோய் இருப்பதாக முடிவு வரும். ரியல்-டைமில் குழாயைத் திறக்கவே தேவையில்லை. மூன்று மணி நேரத்துக்குள் பதில். புரோப் விலை கூட, ஒளியும் வெப்பமும் படக் கூடாது, குளிரில் வைக்க வேண்டும். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை நினைத்தால், ஜெனரேற்றர் இணைப்புள்ள ஃப்ரீசரில் சிறு சிறு பங்காகப் பிரித்து வைப்பதே புத்தி. கோவிட் சோதனையில் பழகிய கைகளுக்கு இது இன்னும் இலகு: அங்கே ஆர்என்ஏயை டிஎன்ஏயாக மாற்ற வேண்டியிருந்தது, இங்கே நேரே டிஎன்ஏ.

நேர்க் கட்டுப்பாட்டு மாதிரி பற்றி ஒரு யோசனை. உயிருள்ள கிருமியை யாரும் தர மாட்டார்கள், நமக்கும் வேண்டாம். செயற்கையாகச் செய்த டிஎன்ஏ துண்டை வாங்குங்கள். அதுவும் அமெரிக்க உண்ணிகளில் மட்டும் காணப்படும் ஓர் இனத்தின் வரிசையில் செய்யச் சொல்லுங்கள். நோயாளியின் மாதிரியில் அந்த வரிசை வந்தால், அது கட்டுப்பாட்டுக் குழாயில் இருந்து சிந்தியது என்று உடனே பிடித்துவிடலாம்.

இப்போது எல்லோரும் கேட்பது: நேராக முழு மரபுத்தொகுதியையே வாசித்தால் என்ன? ரி. கொனோரியின் மரபுத்தொகுதி சின்னது, ஏறத்தாழ 12.7 இலட்சம் எழுத்து. 2001இலேயே வாசித்து வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் அந்த வாசிப்பு வளர்ப்பில் பெருக்கிய கிருமியில் இருந்து. நோயாளியின் குருதியில் இருந்து நேரே வாசிக்கப் போனால், மில்லிலீற்றருக்கு 50 இலட்சம் வெண்குருதிக் கலம், ஒவ்வொன்றிலும் 600 கோடிக்கு மேல் எழுத்து. அதே மில்லிலீற்றரில் 100 ரிக்கெற்சியா. பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 24 கோடித் துண்டு வாசித்தால் ஒன்று நாம் தேடியதாக இருக்கும். பொருக்கில் நிலைமை நல்லதுதான், அங்கேகூட ஒரு மனிதக் கலத்துக்கு ஒரு பற்றீரியா என்று இருந்தால் 5000இல் ஒன்று. ஒரு கிருமியும் பிடிபடாத, புரியாத மரணம் ஒன்றில் இந்த முறையை நாடுவது நியாயம். வழமையான சோதனையாக இது யாழ்ப்பாணத்துக்கு இன்று பொருந்தாது.

டிஎன்ஏ எழுத்துகளை வாசிக்கும் கையடக்கமான நானோபோர் கருவி இடையில் நிற்கும் தெரிவு. பிசிஆரில் பெருக்கிய ஓம்ப்-ஏ, ஓம்ப்-பி துண்டுகளை நீளமாக, ஊரிலேயே வாசிக்கலாம். ஒற்றை வாசிப்பில் பிழை கூட; பல வாசிப்பைச் சேர்த்தால் சீராகும். அதன் வாசிப்புத் தகட்டுக்குக் காலாவதித் திகதி இருக்கிறது, ஆகவே மாதிரிகள் ஒன்றாகச் சேர்ந்தால்தான் கட்டுப்படியாகும். ஒரு மாரியில் கையளவு நேர்முடிவுகளே வரும் ஆய்வுகூடத்துக்கு, பிசிஆர் விளைபொருளைச் சுத்தப்படுத்தி, ஒரு தடவைக்கு ஒரு துண்டாக வாசிக்கும் பழைய சாங்கர் முறை வாசிப்புக்கு வெளியே அனுப்புவதே மலிவு, நம்பகமும் கூட. கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதானால், பீடத்தின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்கும்போதே அதை எழுதிவிடுங்கள்.

வரிசை வந்த பிறகு, ஜென்பாங்க் என்ற பொது வரிசைக் களஞ்சியத்தில் பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டுத் தேடலைச் செய்து முதல் வரியில் வரும் பெயரை எழுதிவிடும் பழக்கம் இருக்கிறது. முதல் வரி சரியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. யாரோ பிழையாகப் பெயரிட்டுச் சேர்த்ததாகவும் இருக்கலாம், ஒரே மதிப்பெண்ணில் நாலு இனங்களும் நிற்கலாம். ஒவ்வோர் இனத்துக்கும் அங்கீகரிக்கப்பட்ட மூலக் கிருமியின் வரிசையைத் தனியே இறக்கி, அவற்றோடு உறவு மரம் வரைந்து பாருங்கள்.

உண்ணியைச் சோதிக்கலாமா

மாணவர் ஆய்வுக்கு இது இலகுவான வழி. நாயில் இருந்து உண்ணியைப் பிடுங்க நோயாளியின் சம்மதம் வேண்டாம், எழுபது வீத எதனோலில் போட்டால் மாதக்கணக்கில் இருக்கும். விலங்கியல் துறையோடு சேர்ந்து செய்யலாம். உண்ணியின் இனத்தையும் அதே டிஎன்ஏயில் வாசிக்கலாம். குருதி குடித்து ஊதிய உண்ணியில், குருதிக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் பிசிஆரைத் தடுக்கும் என்பதால் டிஎன்ஏயை ஐதாக்கி இன்னொரு தடவை ஓடவிட வேண்டும்.

ஆனால் உண்ணியில் கிடைத்த ரிக்கெற்சியா மனிதரில் நோய் தருவது என்று ஆகாது. ரிக்கெற்ஸ் வேலை செய்த மொன்டானாவின் அதே பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மேற்குப் பக்கம் புள்ளிக் காய்ச்சல் கடுமையாக இருந்தது, கிழக்குப் பக்கம் அரிது. உண்ணி இரு பக்கமும் ஒன்றே. கிழக்குப் பக்கத்து உண்ணிகளில் இருந்தது ரி. பீகொக்கீ என்ற, நோய் தராத உறவினர். நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்று போலிருக்கும், மரபணுதான் பிரித்தது. எனவே வளவுநாயின் உண்ணியை மட்டும் சோதித்துவிட்டு ஊருக்குள் எச்சரிக்கை கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். நோயாளியின் மாதிரியில் வந்த ஓம்ப்-ஏ வரிசையும் அவரின் வீட்டு நாயுண்ணியில் வந்த வரிசையும் ஒன்றாக இருந்தால் அது பேசக்கூடிய சான்று. காய்ச்சல்காரரின் உடம்பில் இருந்தே பிடுங்கிய உண்ணியிலும் கவனம் வேண்டும். கிருமியை அது அவரிடமிருந்தே உறிஞ்சியிருக்கலாம்.

நான் தெரிவு செய்வது

போதனா வைத்தியசாலை அளவிலான ஆய்வுகூடத்துக்கு: பொருக்கு ஸ்வாப், அது இல்லையென்றால் தோல் பயொப்சியும் ஈடிடிஏ குருதியும். ரியல்-டைமில் ஜிஎல்டி-ஏ அல்லது 17 கிலோடால்டன், ஓரியென்சியாவின் 47 கிலோடால்டன், மாதிரி சரியாக எடுபட்டதைக் காட்ட ஒரு மனித மரபணு. மூன்றும் ஒரே ஓட்டத்தில். ரிக்கெற்சியா நேர்முடிவுகளில் மட்டும் ஓம்ப்-ஏ, ஓம்ப்-பி சாங்கர் வாசிப்பு, மாரி முடிந்ததும் ஒன்றாக. இல்லை என்று வந்தவர்களில் வரக்கூடியவர்களுக்கு இரட்டைச் சீர ஐஎஃப்ஏ. எஞ்சும் காசில் புது இயந்திரம் வாங்குவதை விட, பொருக்கைத் தேடவும் ஸ்வாப் எடுக்கவும் வாட்டு வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுப்பேன்.

பிசிஆர் இல்லாத ஆதார வைத்தியசாலையில் இருப்பவர்களுக்குத் தெரிவு இன்னும் எளிது. மாதிரியைக் காப்பாற்றினால் போதும். பொருக்கை உலர்ந்த கிருமிநீக்கிய குழாயில் போட்டு மூடுங்கள். சீரம் எடுத்த பிறகு குழாயில் மிஞ்சும் குருதிக்கட்டியைக் கொட்டிவிடாதீர்கள். அதிலும் டிஎன்ஏ இருக்கிறது. திகதி, காய்ச்சல் தொடங்கிய நாள், டொக்சிசைக்கிளின் தொடங்கிய நேரம் மூன்றையும் ஒட்டுத்தாளில் எழுதி, மறை இருபது பாகை ஃப்ரீசரில் வையுங்கள். அடுத்த முறை வண்டி யாழ்ப்பாணம் போகும்போது ஐஸ் பெட்டியில் ஏற்றிவிடலாம்.